நங்கநல்லூர் வேண்டாம்

"அந்த வீட்டைப் புடிக்காதீங்க."

முன் சீட்டிலிருந்து திரும்பிச் சொன்னவனை எல்சி முறைத்தாள். யார் இவன்? பேராவூரணியில் பஸ் ஏறியதிலிருந்து அவள் அப்பாவோடு போனில் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறான்! நல்ல கண்கள்தான்... சாரல் பட்டு நனைந்த இமைகளோடு, பொய்யே சொல்லத் தெரியாதவை போல. அப்படிப்பட்ட கண்களைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது எல்சியின் கொள்கை.

"நீங்க யாருங்க? புரோக்கரா?"

"இல்லைங்க. என் பேரு கிளாட்சன். சென்னையில லிப்ட் கம்பெனியில வேலை. நீங்க சத்தமா பேசுனீங்க... காதுல விழுந்துச்சு."

"விழுந்தா சும்மா இருக்க வேண்டியதுதானே?"

ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படித்து முடித்த எல்சிக்கு, சென்னை வேளச்சேரியில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இப்போது காலேஜில் சர்டிபிகேட் வாங்கப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா சகாயநாதன் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். இன்றைக்குள் நல்ல இடத்தில் வீடு அமைய வேண்டும். இல்லாவிட்டால் வேலையும் வேண்டாம், சென்னையும் வேண்டாம். போட்டோவில் ஒரு புறநகர் வீட்டைப் பார்த்து அவரே சொக்கிப் போயிருந்தார். காரணம், வாசலுக்கு எதிரே ஏரி! ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை விவசாயி அவர். ஆயுள் முழுக்க வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்தே காலம் தள்ளியவர், தண்ணீர் ஓரத்து வீட்டை விடுவாரா?

"எங்க ஊரும் கடைமடைதாங்க," என்றான் கிளாட்சன். "நானும் ஆசையா ஏரி ஓரமாத்தான் வீடு புடிச்சேன். ஐப்பசி மழையில கட்டில் மிதந்துச்சு."

"ஓஹோ! அடுத்து, வேற வீடு காட்டுறேம்பீங்க. கமிஷன் எவ்வளவு?"

அவன் முகம் சுருங்கிப் போயிற்று. முன்பக்கம் திரும்பிக்கொண்டான்.

பட்டுக்கோட்டை வரை அந்த முதுகு அசையவே இல்லை. ரோஷக்காரன் போலிருக்கிறது... இல்லை, இதுவும் நடிப்போ? வெளியே தென்னந்தோப்புகள் மழையில் நனைந்துகொண்டிருந்தன. மனசு கேட்காமல் எல்சி அந்த வீட்டின் போட்டோக்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஹால், அறை, சமையலறை... எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? ஒரு நிமிடம்! பிரிட்ஜுக்கான பிளக் ஏன் தலை உயரத்தில் இருக்கிறது? டிவி பிளக்கும் அப்படியே. கீழே, பழைய இடங்களில் சிமெண்ட் பூசி அடைத்த சதுரங்கள்.

வெள்ளம் புகுந்த வீடு.

"ஏங்க..." சீட்டுக் கம்பியைத் தட்டினாள். "ஸாரி."

அவன் திரும்பினான். கோபம் பாதி மிச்சமிருந்தது. "பரவால்லைங்க. இந்தக் காலத்துல சந்தேகப்படுறது நல்லதுதான்."

"சந்தேகம் இன்னும் முழுசா போகல. மேடவாக்கம் எப்படி?"

"நல்ல ஊருதான். காலைல மெயின் ரோட்டைத் தாண்டப் பொறுமை வேணும்."

"பெருங்களத்தூர்?"

"ரயில் இருக்கு. ஆனா கிளினிக் வேளச்சேரின்னு சொன்னீங்களே... மாறி மாறிப் போகணும்."

அதையும் கேட்டிருக்கிறான்! எல்சி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நங்கநல்லூர்? என்கூடத் தங்கப் போற ஃப்ரெண்டு கனிமொழி அங்க ஒரு வீடு பார்த்து வச்சிருக்கா."

அவன் சட்டென்று ஜன்னல் பக்கம் பார்த்தான். "அது... வேண்டாங்க."

"ஏன்? தண்ணி நிக்குமா?"

"எனக்குத் தெரிஞ்ச தெருவுல நின்னதில்ல."

"ஸ்டேஷன் தூரமா?"

"நடக்குற தூரம்தான்."

"திருட்டு பயமா?"

"சேச்சே!"

"அப்புறம் ஏன் வேண்டாம்?"

அவன் காது மடல் சிவந்தது.

எல்சிக்கு மறுபடியும் சந்தேகம் முளைத்தது. குறையே இல்லாத இடத்தை ஒருவன் வேண்டாம் என்கிறான் என்றால்... அங்கே இவனுக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாளோ? இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே! அதற்கு இவளுக்கு ஏன் இத்தனை எரிச்சல் வர வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

"ஒரத்தநாடு இறங்குறவங்க முன்னாடி வாங்க!" கண்டக்டர் குரல் கொடுத்தார்.

எல்சி எழுந்து நின்றாள். "நீங்க காரணம் சொல்லாம நான் இறங்க மாட்டேன்."

"நான் அங்கதாங்க இருக்கேன். தனியாத்தான்." அவன் குரல் தணிந்தது. "பட்டுக்கோட்டை வரைக்கும் நீங்க யாரோ. ஸாரி சொன்னீங்க பாருங்க... அப்புறம், நீங்க அடுத்த தெருவுல இருந்தா எவ்வளவு நல்லாருக்கும்னு ஒரு ஆசை வந்துருச்சு. ஆசை வந்தப்புறம் நான் சொல்றது நியாயமா இருக்குமா? இதுக்குத்தான் வரச் சொன்னியான்னு நாளைக்கு நீங்களே கேப்பீங்க. அதான்..."

அவள் போன் அடித்தது. அப்பா.

"அப்பா, ஏரி வீடு வேண்டாம். பிளக்கெல்லாம் எந்த உயரத்துல இருக்குன்னு போட்டோவைப் பாருங்க, தெரியும். கனிமொழி பார்த்த நங்கநல்லூர் வீட்டையே முடிச்சிரலாம்."

சகாயநாதன் போனைக் காதிலிருந்து எடுக்கும் சத்தம் கேட்டது. போட்டோவைப் பார்த்திருப்பார். "சரிம்மா... நங்கநல்லூர் நல்ல ஏரியான்னு யாரு சொன்னா?"

"நல்லதுன்னு யாரும் சொல்லலப்பா. ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாரு... அதனாலதான்."

பாவம், அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்சி போனை வைத்துவிட்டுப் படிக்கட்டு வரை போனாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கும் அதே ஆசைதாங்க. அதனால... இனிமே நான் சொல்றதையும் நம்பாதீங்க."