தலை திரும்பக் கூடாது

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரியின் கண்கள் அவளைக் கேட்காமலே நடமாட ஆரம்பித்துவிட்டன என்பதை முதலில் கவனித்தவர் பக்கத்துச் சலூன்காரர்தான். அந்தத் தெருவில் எதைக் கவனிப்பதற்கும் அவர்தான் முதல் ஆள். படிக்கிற கண்ணாடிக்கு அளவு பார்க்க வந்தவர், அவள் நீட்டிய பேனா முனையைப் பார்த்தபடி சமர்த்தாக உட்கார்ந்திருந்தார். பேனா அசையவில்லை. அவள் கண்கள் அசைந்தன. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்.

"யாரும்மா அது, என் பின்னாடி குறுக்கும் நெடுக்கும் நடக்கறது?"

"யாருமில்லையேண்ணே."

"அப்ப நீ எதைப் பார்க்கற?" என்று திரும்பினார். சுவர். சுவரில் எழுத்துப் பலகை. "எனக்கு டெஸ்ட்டுனு வந்தேன், முதல்ல உனக்குத்தான் பண்ணணும் போலிருக்கே!" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார். போனவர் சும்மா இருப்பாரா? மதியச் சாப்பாட்டுக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

தெருவுக்கு அவள் கதை ஏற்கெனவே மனப்பாடம். அக்காவும் தங்கையுமாக, கல்யாணம் கில்யாணம் என்று எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஒரே வீட்டில் அடித்துக்கொண்டும் சேர்ந்துகொண்டும் காலம் தள்ளியவர்கள். ஒரு மழை நாளில், சினேகிதி வீட்டு விருந்துக்கு, காரில் கிளம்பினார்கள். அக்காவுக்கு எதிலும் அவசரம். ஊதா நகச்சாயத்தை இரண்டே விரலில் பூசிக்கொண்டு, "மிச்சத்தை அங்க போய்ப் பூசிக்கறேன்டி, இப்ப யாரு பார்க்கப் போறா?" என்று வண்டியை எடுத்தாள். வளைவில் எதிரே லாரி.

மோதிய நொடியே அக்கா போய்விட்டாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தங்கை ஒப்புக்கொள்ளவில்லை. நொறுங்கிய முன்கண்ணாடியில் வைப்பர் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கண்கள் அதோடு கூடவே போய்க் கூடவே வந்தன, தடங்கலில்லாமல், எண்ணெயில் வழுக்குவதுபோல. எதிரில் ஏதாவது நகர்ந்தால்தான் கண் அப்படி வழுக்கும். ஒன்றுமில்லாத இடத்தில் ஓட்டச் சொன்னால் தத்தித் தத்தித்தான் போகும். தினமும் இதைப் பார்ப்பதுதானே அவள் பிழைப்பு? வழுக்குகிற கண், பார்க்கிற கண். அதனால் ஆம்புலன்ஸ் வரும்வரை அக்காவிடம் பேசிக்கொண்டே இருந்தாள். "பயப்படாதேக்கா, வண்டி வந்துடும். வந்துடும்." பிணத்தோடு பேசினாளாம் என்றது தெரு, உச்சுக்கொட்டிக்கொண்டு.

அதன் பிறகு மழைச் சத்தம் கேட்டால் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். தெருவில் யாராவது கார்க் கதவைச் சாத்தினால் காதைப் பொத்திக்கொண்டாள். சலூன்காரரின் மனைவிதான் பிடித்துத் தள்ளாத குறையாக மனநல டாக்டரம்மாவிடம் அனுப்பிவைத்தாள்.

அங்கே மருந்துமில்லை, மாத்திரையுமில்லை. டாக்டரம்மா இரண்டு விரல்களைச் சேர்த்து அவள் முகத்துக்கு முன்னால் இப்படியும் அப்படியும் ஆட்டினார். "அந்த நாளை நினைச்சுக்கோங்க. என் விரலைப் பாருங்க. தலை திரும்பக் கூடாது, கண் மட்டும் வரணும்." கொஞ்ச நேரம் கழித்து விரலை இறக்கி, "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்டார். அவ்வளவுதான் வைத்தியம். என் வித்தையை என்னிடமே காட்டுகிறாரே என்று முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் வைத்தியம் கேட்டது. பெட்ரோல் நாற்றம் போயிற்று. லாரியின் விளக்கு மங்கிற்று. கண்ணாடி நொறுங்கிய சத்தம், எங்கோ தூரத்து வீட்டில் யாரோ டம்ளரைக் கீழே போட்டதுபோல ஆயிற்று.

"வேற ஏதாவது பாக்கி இருக்கா? இருந்தா சொல்லிடுங்க. அதை மட்டும் தனியா விட்டுடக் கூடாது."

"ஒண்ணுமில்லை டாக்டர்."

பச்சைப் பொய். அக்காவின் கண்களைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. அதுவும் தேய்ந்துபோனால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? குளியலறைக் குவளையில் இரண்டு பிரஷ். ஒன்று காய்ந்து விறைத்துக் கிடக்கிறது. டிவியில் எதற்காவது சிரித்தால், கூடச் சேர ஆளில்லாமல் சிரிப்பு பாதியில் நின்றுவிடுகிறது. இருக்கட்டும், இது ஒன்றாவது நமக்கென்று இருக்கட்டும் என்று அந்தக் கண்களை மட்டும் பதுக்கிக்கொண்டாள்.

மற்றதெல்லாம் அழிந்தது. மழை அழிந்தது, கார் அழிந்தது, கடைசியில் வைப்பரும் அழிந்தது. வெறும் இருட்டில் அக்கா மட்டும் உட்கார்ந்திருந்தாள். பார்க்க எதுவுமில்லாத கண்கள் ஒரு கணம் தடுமாறின. பிறகு, டாக்டரம்மாவின் விரலைக் கண்டுபிடித்துக்கொண்டன.

அதைத்தான் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

சலூன்காரர் கேலி செய்த அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. "நனையாம கிளம்பும்மா, தனியா உட்கார்ந்திருக்காதே!" என்று கத்திவிட்டு அவர் தன் ஷட்டரை இழுத்துச் சாத்தினார். அவள் தன் கடை ஷட்டரைப் பாதிவரை இறக்கிவிட்டு, பரிசோதனை அறைக்குள் போனாள். சூடான பல்பில் தூசி கருகும் மணம், லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டின் மணம், எதிர்ச் சுவரை அடைத்த முகம்பார்க்கும் கண்ணாடி, அதற்கு எதிரே வாடிக்கையாளர் நாற்காலி. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்த நாற்காலியில் அவளே உட்கார்ந்தாள். தத்தித் தத்திப் போனால் வெறும் நரம்புக் களைப்பு, கடையைச் சாத்திவிட்டு நாலு நாள் தூங்கினால் சரியாகிவிடும். வழுக்கினால்?

எதிரே தன் கண்களைப் பார்த்தாள். அசையவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்போது நகர்ந்தன.

வழுக்கின.

இடம். வலம். இடம்.

அறையில் ஒரு தூசிகூட அசையவில்லை. ஷட்டரின் அடியில் தண்ணீர் தெறிப்பது தெரிந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அந்த இடத்தில் வேறொன்று. ஈரக் கண்ணாடியில் ரப்பர் தேயும் சத்தம். கிரீச். கிரீச்.

பெட்ரோல்.

கண்கள் வலது ஓரத்தில் போய் நின்றன. அக்கா வண்டி ஓட்டின பக்கம். கூட வருகிறவர்கள் உட்கார அங்கே ஒரு முக்காலி உண்டு. அது முனகியது. ஆள் உட்கார்ந்தால் மட்டும் முனகும் முக்காலி.

"அக்கா?"

தலை திரும்பக் கூடாது.

வலப்பக்கத்திலிருந்து இரண்டு விரல்கள் வந்தன. சேர்த்துப் பிடித்த விரல்கள். ஈரம். ஊதாச் சாயம். அவள் முகத்துக்கு நேரே வந்து நின்றன.

"இப்ப என்னடி தெரியுது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். எதிரே, கண்ணாடியில், வாய் திறக்கவில்லை. கை எழவில்லை. கழுத்து அசையவில்லை. விரல்கள் மெல்ல நகர்ந்தன. கூடவே போய்க் கூடவே வந்தன அவள் கண்கள். கண்கள் மட்டும்.

"பயப்படாதேடி," என்றாள் அக்கா, ஆசையாக. "வண்டி வந்துடும். வந்துடும்."