வீட்டைப் பார்த்துப் படுத்த நாய்

காவல் நாய் வீட்டுக்கு முதுகைக் காட்டித்தான் படுக்கும். மலையில் எல்லா வீட்டு வாசலிலும் அப்படித்தான்; மூக்கு பாதையின் பக்கம், வால் கதவின் பக்கம். இத்தோ பிறந்ததிலிருந்து வேறு மாதிரிப் பார்த்ததில்லை. ஆனால் இன்று மாலை ஊற்றிலிருந்து தண்ணீரோடு திரும்பியபோது, புது நாய் பாதைக்கு முதுகைக் காட்டி வீட்டைப் பார்த்துப் படுத்திருந்தது.

நேற்றும் அப்படித்தான் படுத்திருந்தது. புது இடம், பழகவில்லை என்று நினைத்துக்கொண்டாள். இன்று குடத்தை இறக்கிவைத்துவிட்டு, அதன் பிடரியைப் பிடித்து மெல்லப் பாதையின் பக்கம் திருப்பினாள். நாய் அவள் மணிக்கட்டை ஒருமுறை நக்கியது. பிறகு எழுந்து, சுற்றி வந்து, மறுபடியும் வீட்டைப் பார்த்துப் படுத்தது.

அது கதவைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். அது பார்த்தது சுவரை. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய, சன்னல் இல்லாத வெறும் சுவரை. அதன் தலை இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்தது, நின்றது, பிறகு வலமிருந்து இடமாக நகர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கும் யாரையோ கண்ணால் பின்தொடர்வது போல.

உள்ளே இருந்தது அவள் கணவன் ஹம்முவும், குழந்தை தூதாவும்தான். மலையிலிருந்து திரும்பியதிலிருந்து ஹம்மு வீட்டுக்குள் இப்படித்தான் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தான்.

இந்த வருடம் பனி முந்திவிட்டது. மேய்ச்சலில் விட்டிருந்த ஆடுகளை இறக்கிக்கொண்டு வர ஹம்மு தேவதாரு மரங்களைத் தாண்டி மேலே போனான். கூட அஸ்மூனும் போனது. அஸ்மூன் அவர்களுடைய பழைய நாய். ஒரு ரொட்டி இருந்தால் பாதி அவனுக்கு, பாதி அஸ்மூனுக்கு. அது ஹம்முவின் வழக்கம். ஒருமுறை அதன் காலில் முள் ஏறியபோது மலையிலிருந்து வீடு வரை தோளில் போட்டுச் சுமந்து வந்தவன் அவன். பனிப்புயல் அடித்து ஓய்ந்த காலையில் ஆடுகள் இறங்கி வந்தன. பின்னால் ஹம்மு வந்தான். அஸ்மூன் வரவில்லை.

"அஸ்மூன் எங்கங்க?"

"பள்ளத்துல விழுந்துடுச்சு," என்றான். செருப்பு அறுந்துவிட்டது என்று சொல்வது போல.

ஆண்கள் துக்கத்தை விழுங்கிவிடுவார்கள் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆடுகள் எல்லாம் அவனிடமிருந்து விலகி, கொட்டிலின் கடைசி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றதையும் குளிர் என்றே நினைத்தாள்.

காவல் இல்லாத வீட்டுக்கு நரிகள் வந்துவிடும். அதனால் ஹம்முவின் பெரியப்பா மகள் ரக்கூஷின் வீட்டுக்கு நாய் பார்க்க மூவரும் போனார்கள். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்கு எந்த நாயும் ஆகிவிடாது. இத்தோ அதில் தெளிவாக இருந்தாள். கத்துகிற நாய் வேண்டாம், கையிலிருந்து பிடுங்குகிற நாய் வேண்டாம். தூதா உள்ளங்கையில் ரொட்டித் துண்டை வைத்து நீட்டட்டும். எது பொறுமையாக வாங்கித் தின்கிறதோ அதுதான்.

முதலில் இத்தோ தாய் நாய்க்கு எண்ணெயில் நனைத்த வாற்கோதுமை ரொட்டியை வைத்தாள். பிள்ளையைக் கேட்க வந்த இடத்தில் தாயைப் பசியோடு விடக்கூடாது.

"பொண்ணு கேட்டு வந்த சம்பந்தி கூட எனக்கு இப்படி விருந்து வச்சதில்லடி," என்றாள் ரக்கூஷ். "நல்லா பாத்து எடு. புருஷனைத்தான் பாக்காம கட்டிக்கிட்ட."

"உங்க தம்பிதானே மதினி. நீங்கதானே நல்ல பையன்னு சொன்னீங்க?"

"அப்போ எனக்கு அவன்கிட்ட கம்பளி கடன் வாங்க வேண்டியிருந்துச்சு, சொன்னேன்!"

ரக்கூஷ் சிரித்துக்கொண்டே கொட்டிலைத் திறந்தாள். வளர்ந்த குட்டிகள் குதித்து வெளியே வந்தன. ஹம்முவைப் பார்த்தன.

சிரிப்பு நின்றது. ஒவ்வொன்றாக நாய்கள் தரையோடு தரையாகப் படுத்தன. காதுகள் பின்னால் ஒட்டின. ஒன்று இருந்த இடத்திலேயே சிறுநீர் விட்டது. எதுவும் குரைக்கவில்லை.

"இதுங்களுக்கு என்ன கேடு?" என்றாள் ரக்கூஷ். "ஏண்டா ஹம்மு, குளிச்சியா இல்லையா?"

ஹம்மு சிரித்தான். "நல்ல நாய்ங்கக்கா. பணிவா இருக்கு. இதுல எதை வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

ஒன்றே ஒன்று படுக்கவில்லை. வெள்ளைப் பெட்டை நாய். அது நடந்து வந்து, ஹம்முவுக்கும் தூதாவுக்கும் நடுவில் நின்றது. உடல் முழுதும் நடுங்கியது, ஆனாலும் நின்றது. தூதா நீட்டிய ரொட்டியை, பார்வையை ஹம்முவிடமிருந்து எடுக்காமலே, பல் படாமல் வாங்கிக்கொண்டது.

"இதுதான்," என்றாள் இத்தோ.

வீட்டாரை நாய் அறிந்துகொள்ள வேண்டுமென்றால், வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு வாய் ரொட்டியை மென்று அதற்குக் கொடுப்பார்கள். இத்தோ கொடுத்தாள், தின்றது. தூதா கொடுத்தாள், தின்றது. ஹம்மு கொடுத்ததை அது மோந்து கூடப் பார்க்கவில்லை.

"நாயே உன்னை வேணாங்குது பாருடா," என்று ரக்கூஷ் கேலி செய்தாள். ஆனால் வழியனுப்பும்போது இத்தோவின் கையை அவள் கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தூதா அதற்கு அத்பல் என்று பெயர் வைத்தாள். பனி என்று அர்த்தம்.

அத்பல் வாசலோடு சரி. நாய் நுழைந்த வீட்டுக்குள் மலக்குகள் என்னும் வானவர்கள் வரமாட்டார்கள் என்று அஞ்சி வாழ்ந்த குடும்பம் அது. அஸ்மூன் கிழவனாகிச் செத்தாலும் நிலைப்படியைத் தாண்டாது என்று ஹம்முவே பெருமையாகச் சொல்லுவான். அத்பல் வந்த அன்று அவன் அதைப் பலமுறை சொன்னான். "உள்ள மட்டும் விட்டுடாத இத்தோ. மலக்குங்க வரமாட்டாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. உள்ளே விட முடியாவிட்டால் என்ன, படைத்தவன் கொடுத்த உயிர்தானே என்று வாசலில் பழைய சாக்கை விரித்து, சூடான கஞ்சியை வைத்தாள். குடிக்கும்போதும் அதன் கண் சுவரில்தான் இருந்தது.

கஞ்சியில் உப்பு போடாதே என்றான் ஹம்மு. ரொட்டியிலும் வேண்டாம் என்றான். உப்புள்ள சாப்பாட்டைக் கெட்டது எதுவும் தொடாது என்று மலையில் சொல்வார்கள். தொழுதீர்களா என்று கேட்டால், ஆட்டுக் கொட்டிலில் தொழுதுவிட்டதாகச் சொன்னான். கொட்டிலில் ஆடுகள் இருந்த நெருக்கத்தில் அவன் போய் நிற்க இடமே இல்லை.

அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். எதையும் எண்ணத் துணியவில்லை. கட்டிய கணவனைப் பற்றித் தப்பாக நினைப்பது பாவம் என்று வளர்ந்தவள்.

இப்போது குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்புக்கரியின் வாசம், ஈரக் கம்பளியின் வாசம், அவற்றுக்கு அடியில் புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசம். ஹம்மு கனல் சட்டிக்கு அருகில் உட்கார்ந்திருந்தான். தூதா அவன் மடியில். வெளியே மூடுபனி இறங்கிப் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கீழ்ப் பள்ளிவாசலிலிருந்து அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மக்ரிப் பாங்கு மெலிதாக ஏறி வந்தது.

அவள் பாயை விரித்துத் தொழுதாள். கடைசியில் சலாம் கொடுக்க வலப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். கனல் சட்டியருகே ஹம்மு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மடியில் தூதா.

இடப்பக்கம் திருப்பினாள்.

ஹம்மு அங்கே இருந்தான். மடியில் தூதா.

காலடிச் சத்தம் கேட்கவில்லை. துணி உரசும் சத்தம் கூட இல்லை.

"அந்த நாய் சரியில்ல," என்றான் அவன். "மேல கொண்டுபோய் விட்டுட்டு வர்றேன்."

"இப்பவா? இருட்டிடுச்சே. காலைல மதினிகிட்டயே திருப்பிக் குடுத்துடலாங்க."

"இப்பவே. தூதாவையும் கூட்டிட்டுப் போறேன். பனி பாக்கணும்னு சொன்னா."

"நான் சொல்லல பாபா," என்றாள் தூதா.

அவள் பேசியபோது வாயிலிருந்து வெண்ணிறமாக மூச்சு எழுந்து கரைந்தது. அவ்வளவு குளிர் அந்த அறையில். இத்தோ தன் மூச்சையும் பார்த்தாள். ஹம்முவின் வாயைப் பார்த்தாள்.

"என்ன பாக்குற?" என்றான்.

அந்த வாயிலிருந்து எதுவும் எழவில்லை.

அவன் குழந்தையின் கம்பளி அங்கியை எடுத்து அவளுக்குப் போட்டுவிட்டான். ஒவ்வொரு கையாக. பொறுமையாக. வெளியே அத்பல் உறுமத் தொடங்கியது. வந்ததிலிருந்து அது எழுப்பிய முதல் குரல்.

சட்டென்று உறுமல் நின்றது.

தூரத்தில், மேலே, மூடுபனிக்குள், ஒரு நாய் குரைத்தது. கரகரப்பாக, கடைசியில் உடைந்துபோகும் குரல்.

"அஸ்மூன்!" என்று தூதா கத்தினாள்.

"நரி," என்றான் அவன். அவன் கைகள் குழந்தையைச் சுற்றி வளைந்தன.

இத்தோ விளக்கை எடுத்தாள். கதவைத் திறந்தாள்.

அத்பல் எழுந்து நின்றிருந்தது. முதல்முறையாக வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முகம் பாதையின் பக்கம். அதன் வால் ஆடியது. மெல்ல, பிறகு வேகமாக.

மூடுபனியிலிருந்து அஸ்மூன் வந்தது. எலும்பும் தோலுமாக, நொண்டிக்கொண்டு. கொஞ்ச தூரம் வந்து நின்றது. திரும்பிப் பார்த்தது. ஹம்மு பின்தங்கினால் அது எப்போதும் அப்படித்தான் நின்று பார்க்கும்.

பனியில் எதையோ இழுத்துவரும் சத்தம். ஒரு தடி ஊன்றும் சத்தம்.

"இத்தோ..." தேய்ந்த குரல். அவள் கணவனின் குரல். "நான்தாம்மா. கால் ஒடிஞ்சுபோச்சு. குகையில கிடந்தேன். அஸ்மூன் என் மேல படுத்துப் படுத்துச் சூடு குடுத்துச்சு. இல்லேன்னா செத்திருப்பேன்."

"யாரு இத்தோ வெளிய?" என்று பின்னால், அறைக்குள்ளிருந்து, அதே குரல் கேட்டது.

அத்பல் அண்ணாந்து அவளைப் பார்த்தது. அதன் முன்னங்கால்கள் நிலைப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தன. தாண்டவில்லை. வந்ததிலிருந்தே தாண்டவில்லை. சொல்லுக்குக் காத்திருந்தது.

மலக்குகள் மன்னிப்பார்கள்.

"பிஸ்மில்லாஹ்," என்றாள் இத்தோ. "உள்ள வா, தாயி."

அத்பல் நிலைப்படியைத் தாண்டியது. குரைக்கவில்லை. நடுங்கியபடி நேராக அவன் மடிக்குப் போய், தூதாவுடைய அங்கியின் ஓரத்தைப் பல்லால் பற்றியது. ரொட்டியை வாங்கியதைப் போலவே, பல் மேலே படாமல். பின்வாங்கி இழுத்தது.

தூதா அவன் மடியிலிருந்து சரிந்தாள். பாயைத் தாண்டி வந்தாள். கனல் சட்டியைத் தாண்டி வந்தாள். இத்தோ விளக்கைக் கீழே வைத்து, முழந்தாளிட்டு இரு கைகளையும் நீட்டினாள். குழந்தையின் சூடான முகம் அவள் கழுத்தில் புதைந்தது.

"யெம்மா," என்றாள் தூதா. "பாபா இன்னும் விடலம்மா."

இத்தோ விளக்கை உயர்த்தினாள்.

அறையின் கடைசிச் சுவரோரம் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். சிரித்துக்கொண்டு. அவன் கைகள் பாயின் மேலாக, கனல் சட்டியின் மேலாக, அறை முழுவதும் நீண்டு வந்து, தூதாவின் இடுப்பைச் சுற்றி, விரல் கோத்துப் பூட்டியிருந்தன.

அவள் முதுகுக்குப் பின்னால், நிலைப்படியில், தடி ஊன்றும் சத்தம் நின்றது.

"இத்தோ," என்றான் ஹம்மு. "உள்ள யாரு?"