பத்து சதவீத மேகம்

“திங்கக்கிழமை அறுபது, நேத்து முப்பது, இன்னைக்குப் பத்தா? மழை என்னடி, தேயற நிலாவா?” மாமியார் ரேடியோவை அணைத்த வேகத்தில் அதன் குமிழ் கையோடு வந்துவிட்டது.

அடுப்படியில் நின்ற மூத்த மருமகள் பாலை இறக்கி வைத்தாள். அந்தப் பத்து சதவீத மழை வாய்ப்பைக் கணித்தவளே அவள்தான். மண்டல வானிலை அலுவலகத்தில் ஆறு வருட வேலை. நேற்று மாலை இருமுறை சரிபார்த்துத்தான் அதை எழுதினாள்.

மக்காச்சோளம் கதிர் வாங்கும் நேரம். இந்த வாரம் ஒரு தண்ணீர் கிடைத்தால் மணி பிடிக்கும். இல்லையென்றால் வெறும் தட்டைதான். தொட்டியில் மிஞ்சியிருந்த தண்ணீர் ஒரு வயலுக்குத்தான் போதும். வயலோ இரண்டு. மேல்வயல், லாரி ஓட்டப் போயிருக்கும் அவள் கணவனின் பங்கு. கீழ்வயல் கொழுந்தனுடையது.

“ஆளுக்குப் பாதி விட்டுடலாம் அண்ணி. மிச்சத்த மழை பாத்துக்கும்” என்றான் கொழுந்தன்.

“மழைய நம்ப முடியாதுப்பா. பாதித் தண்ணி ஆனைப் பசிக்குச் சோளப்பொரி. ரெண்டும் போயிடும். ஒரு வயலுக்கு முழுசா விட்டா அதாவது பொழைக்கும்.”

“ஓஹோ... அப்படிச் சுத்தி வர்றியா!” மாமியார் கையைத் தட்டினாள். “எந்த வயலுன்னு எனக்குத் தெரியாதா? புருஷன் பங்கக் காப்பாத்த வானத்தையே வத்த வச்சுட்டியே! சின்னவன் பொண்டாட்டி நிறைமாசமா இருக்கா. அவ வாயில மண்ணள்ளிப் போடத்தான் இவ்வளவு படிச்சியா?”

கொழுந்தன் தலை குனிந்துகொண்டான். ‘அப்படி இல்லம்மா’ என்று அவனும் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

“கீழ்வயலுக்குத்தான் அத்தை விடப்போறேன். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். கீழ்வயல் வால்வைத் திறந்தாள்.

பாதி வயல் நனைந்திருக்கும். திடீரென்று வெயில் மங்கியது. மேற்கே கருகருவென்று மேகம்! காற்றில் சோளத்தட்டைகள் சலசலத்தன. தெருவே வெளியே ஓடி வந்தது.

“எங்கடி உன் பத்து? வந்து பாருடி!” மாமியார் சிறுபிள்ளைபோல் குதித்தாள். மறுகணமே முகம் மாறியது. “டேய் சின்னவனே, அதை மூடுடா! கீழ்வயல மழை பாத்துக்கும், மிச்சத் தண்ணிய அண்ணன் வயலுக்குத் திருப்பு. பாவம்டா அவ...”

அவன் பாய்ந்து வந்தான். மருமகள் வால்வை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்ப்பா!”

“அண்ணி, தலைக்கு மேல நிக்குது! உங்க பயிரு சாகுதே!”

அவளுக்கு மட்டும் ஆசையில்லையா? பத்து என்றால் இல்லை என்று அர்த்தமில்லையே! ஒரு துளி நெற்றியில் விழுந்தது. இன்னொரு துளி! விரல்கள் தாமாகவே தளர்ந்தன... மேகத்தின் அடியைப் பார்த்தாள். அது நிற்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி இறுக்கிப் பிடித்தாள்.

“இது நமக்கு வந்ததில்ல. போற மேகம்.”

“அண்ணி!”

“இப்ப திருப்பினா உன்னோடதும் போயிடும். கைய எடு!”

அவள் குரல் உயர்ந்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவன் கையை எடுத்தான்.

கால் மணி நேரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. தெரு கலைந்து போனது. கடைசிப் பாத்தி நனைந்ததும் தொட்டி காலியானது. மேல்வயலில் இலைகள் சுருண்டு கிடந்தன.

கொழுந்தன் அழுதான். “காலையில வாயைத் தொறக்காம நின்னேனே அண்ணி... இதுல விளையிறதுல பாதி அண்ணனுக்கு!”

“பாதியாம் பாதி! நீ என்னடா பிச்சையா போடுற?” மாமியார் அவனைத் தள்ளிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். மருமகளின் கன்றிச் சிவந்த கைகளை எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். “இந்தக் கையையா நான்... உன் பயிரை நீயே காயவிட்டு நின்னியேடி... என்னை ஒரு வார்த்தை திட்டுடி!”

மருமகள் திட்டவில்லை. மாமியாரின் தோளில் முகம் புதைத்து, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையை எல்லாம் அழுது தீர்த்தாள்.