பூப்போட்ட முட்டைகள்

குஞ்சுகளைப் பழைய கோழிகளோடு சேர்த்துவிடுவது மூத்தவளுக்குத் தண்ணி பட்ட பாடு. ஆறு வாரம் ஆனதும் அவற்றைக் கம்பி வலைக்குள் விட்டு, வலையைப் பெரிய கோழிகளுக்கு நடுவில் வைத்துவிட வேண்டும். பெரியவை சுற்றிச்சுற்றி வரும், சிலிர்த்துக்கொள்ளும், வலையைக் கொத்தும். பத்து நாள் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், சரி இருந்து தொலைங்க என்று விட்டுவிடும். ஒன்பது வருஷமாக இதே கதைதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் ஒரு கோழிகூட வலைப்பக்கம் திரும்பவில்லை. உள்ளே ஆறு குஞ்சுகள் கத்திக்கொண்டு கிடக்க, வெளியே பதினோரு கோழிகளும் கழுத்தை ஒருக்களித்து, ஒற்றைக் கண்ணால் அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

குனிந்து பார்த்தாள். செருப்பு, ஈர மண், நைட்டியின் ஓரம். வேறு ஒன்றுமில்லை. கூட்டத்துக்கே தலைவியான செவலைக்கோழி மெதுவாக வந்து, கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, அவள் கணுக்காலுக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றை ஒரு கொத்து கொத்தியது. உடனே யாரோ திருப்பிக் கொத்தினது மாதிரி அலறிக்கொண்டு பின்னால் துள்ளியது.

"உனக்கு என்னடி பேய் பிடிச்சிருக்கா?" என்றாள்.

பின்வாசல் படியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அவளுடைய ஏழு வயது மகள் சித்தியின் மடியில் சாய்ந்துகொண்டு தலையைப் பின்னக் கொடுத்திருந்தாள். கோழியை மறந்துவிட்டு மூத்தவள் அதைப் பார்த்தாள். வயிறு எரிந்தது. எட்டு மாசமாக எரிகிற வயிறு.

இளையவள், அதாவது கொழுந்தனின் மனைவி, இந்த வீட்டுக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல பெண். அதுதான் பிரச்சினையே. வாயாடி என்றாலோ சோம்பேறி என்றாலோ நாலு பேரிடம் சொல்லி அழலாம். இவளோ குரலை உயர்த்துவதில்லை, கேட்காமலே பாத்திரம் கழுவுவாள், வார்த்தைக்கு வார்த்தை 'அக்கா'. மூத்தவள் தையல் கடையில் முதுகொடிய மிஷின் மிதித்துவிட்டு இருட்டுகிற நேரத்தில் வந்தால், மகள் சித்தி சொன்ன கதையைச் சித்தி மாதிரியே தலையாட்டிக்கொண்டு சொல்வாள். தூங்கும்போது சித்தி. காய்ச்சல் வந்தால் சித்தி. பெத்தவள் ஒருத்தி கல்லு மாதிரி நிற்கிறாளே என்று யாருக்காவது தோன்றியதா?

இரண்டு மாசத்துக்கு முன்னால் குஞ்சு பொரிக்கிற பெட்டி வைத்தபோது அதிலும் இளையவள் பங்கு கேட்டாள். தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஒரு பல்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். பன்னிரண்டு முட்டை. மூத்தவளின் ஆறில் பென்சிலால் ஒரு கோடு, இளையவளின் ஆறில் ஒரு குட்டிப் பூ. பூவைப் போட்டது மகள். "சித்தி முட்டைக்குப் பூ, அம்மா முட்டைக்குக் கோடு" என்று பாட்டாகவே பாடினாள். அந்தப் பாட்டு மூத்தவளின் காதில் முள்ளாகத் தைத்தது.

பதினெட்டாம் நாள் சாயங்காலம், சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முட்டைகளை ஒவ்வொன்றாக டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கோடு போட்ட ஆறும் உயிரோடு இருந்தன. பூப்போட்ட ஆறும்தான். ஒன்றில் அலகு அசைந்தது நன்றாகவே தெரிந்தது. வெளியே வந்தாள்.

"உன்னுது ஆறும் கூமுட்டை. விட்டா வெடிச்சு நாறிடும், தூக்கிப் போட்டுடறேன்."

இளையவளின் முகம் வாடியது. "ஐயோ, ஒண்ணுகூடவா தேறலை? சரிக்கா, உங்களுக்குத் தெரியாததா" என்றாள். மகள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதும் அந்தக் கையைத்தானே அவள் பிடித்துக்கொண்டாள்!

தோட்டத்து மூலையில் குப்பைக்குழி. கிளறினால் ஆவி பறக்கிற சூடு. ஆறையும் அதற்குள் வைத்து மூடப் போகும்போது ஒரு முட்டைக்குள்ளிருந்து 'கீச்' என்றது. இன்னொன்று பதில் சொன்னது. சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. யார் காதிலாவது விழுந்தால் மானம் போய்விடும். பதறிப்போய் இரண்டு கையாலும் முட்டைகளை அணைத்து, தட்டிக்கொடுத்து, ஏழு வருஷத்துப் பழக்கத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது:

"உஷ்... ஒண்ணுமில்லடா. அம்மா இருக்கேன். அம்மா எங்கயும் போகமாட்டேன்."

சத்தம் அடங்கியது. குப்பையைத் தள்ளி மூடினாள்.

கோழி வளர்க்கிறவர்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. பதினெட்டு நாள் ஆனதும் முட்டைக்குக் காது வந்துவிடும். அப்போது எந்தக் குரல் கேட்கிறதோ அதுதான் தாய். ஒன்பது வருஷம் அதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள், அந்த ஒரு நேரம் மறந்துபோனாள்.

கோடு போட்ட ஆறும் பொரிந்து வந்தன. பொரிந்த மறுநாளே இளையவளின் குரலுக்கு ஓடின. மத்தியானம் முழுக்கப் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தவள் அவள்தானே.

அவற்றுக்கு ஆறு வாரம் ஆகி, வலைக்குள் விட்ட அந்த ஞாயிறு போய்த் திங்கள் வந்தது. கடையில் மிஷின் மிதித்துக்கொண்டிருக்கும்போது இடது கணுக்காலில் ஏதோ வெதுவெதுப்பாகச் சாய்ந்தது. பூனை என்று நினைத்துக் காலை உதறினாள். பூனை இல்லை. கால் ஓய்ந்தால் சாய்ந்தது, மிதித்தால் விலகியது. மக்கின இலையும் ஈர இறகும் கலந்த வாடை மெல்ல எழுந்து துணிகளின் கஞ்சி வாசனைக்குள் புகுந்தது. செவ்வாய்க்கிழமை வலது காலிலும். புதன்கிழமை, அவள் நடக்கிற இடமெல்லாம் ஓர் அடி பின்னால், அரிசி சிந்தின மாதிரி சன்னமான காலடிச் சத்தம். அவள் நின்றால் அதுவும் நின்றது. கதவைச் சாத்தினால் வெளியே நின்று கீச்சிட்டது. அவள் காதுக்கு மட்டும்.

பயந்தாளா? பயந்தாள்தான். ஆனால் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும், கொஞ்சம் பிடித்தும் இருந்தது. இந்த வீட்டில் அவள் பின்னாலேயே வர ஏதோ ஒன்றாவது இருந்ததே!

வியாழக்கிழமை மகளின் கெண்டைக்காலில் சிவப்பாக இரண்டு புள்ளி. வெள்ளிக்கிழமை, மூத்தவள் அவளை வம்படியாகப் பிடித்து உட்காரவைத்துத் தலைவாரி விட்டபோது, சீப்புக்கு அடியில் உச்சியிலே காசு அளவுக்கு முடி இல்லை. கூட்டத்துக்குப் புதிதாக வந்த குஞ்சைப் பழைய கோழிகள் கொத்துகிற அதே இடம். நடுவில் ஒரு சொட்டு ரத்தம்.

மகள் வீறிட்டுக்கொண்டு எழுந்து சித்தியிடம் ஓடினாள்.

"அக்கா, இது கோழி கொத்தின மாதிரியே இருக்கே" என்றாள் இளையவள்.

"சித்தி, அம்மா பக்கத்துல போனாதான் கொத்துது!" என்றாள் மகள்.

"யார் சொல்லிக்கொடுத்தா இதை?" மூத்தவளின் குரல் கிறீச்சிட்டது. "நீதானே? பெத்தவகிட்ட போகாதேன்னு நீதானே ஓதிவிட்டே?"

"ஐயோ, என்னக்கா இப்படிப் பேசறீங்க?"

அவளைப் பேச்சை முடிக்கவிடாமல் மூத்தவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். வெயில் சாய்ந்திருந்தது. கோழிகள் நேரத்துக்கு முன்பே கூண்டுக்குள் ஏறி, நெருக்கியடித்துக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் இருந்தன. குழியைக் கிளறினாள். சூடு முகத்தில் அடித்தது. முதலில் ஓர் ஓடு. அடுத்து இன்னொன்று. ஆறு. நாறவில்லை, நசுங்கவில்லை. ஒவ்வொன்றும் மேல்பக்கம் வட்டமாக, மூடி திறந்த மாதிரி, உள்ளிருந்து உடைக்கப்பட்டிருந்தது. பென்சில் பூக்கள் அழியாமல் இருந்தன.

மண்வெட்டியைக் குழியோரம் போட்டாள்.

நடந்தாள். பின்வாசல் படி வந்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

வந்தன. நைட்டியின் ஓரம் விலகியது. முழங்காலுக்கு அடியில் ஒன்று. இடுப்போரம் ஒன்று. கக்கத்துக்குள் முட்டி முட்டி நுழைந்தது ஒன்று. தாய்க்கோழியின் இறகுக்குள் புகுகிற மாதிரி. ஆறு சூடு. ஆறு நெஞ்சுத் துடிப்பு. கையை வைத்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. வெறும் துணி. துணிக்குள் துடிப்பு.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளே இளையவளின் குரல் கேட்டது. மெதுவாக, ஆசையாக. "போடா கண்ணு. அம்மா அழறாங்க பாரு. போய்க் கட்டிக்கோ. சித்தி இங்கயே நிக்கறேன்."

வாசலில் மகள். தலையில் சின்னக் கட்டு. தயங்கினாள். உதட்டைக் கடித்தாள். பிறகு, எட்டு மாசத்தில் முதல் தடவையாக, கூப்பிடாமலே,

"அம்மா!"

நைட்டிக்குள் எல்லாத் துடிப்பும் நின்றது.

வராதேடி என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. நாக்கு நுனியில்தான் இருந்தது. மகள் ஓடிவந்தாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, சித்தியிடம் ஓடுகிற அதே ஓட்டம். அந்த ஓட்டத்தை இவள் எத்தனை நாள் ஓரமாய் நின்று பார்த்திருக்கிறாள்!

கைகள் தாமாக விரிந்தன.

மகள் வந்து மார்பில் விழுந்தாள். அந்தச் சின்னத் தலைக்கு மேலாக, மூத்தவள் தன் மடியைப் பார்த்தாள். துணியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஆறு அலகு முனைகள் நிமிர்ந்தன.