இடது தோள் முக்கால் இறக்கம்

பேய், பிசாசு என்று யாராவது என் கடையில் பேச ஆரம்பித்தால், "வேலை கெடுது, வெளியே போய்ப் பேசுங்க" என்று விரட்டிவிடுவேன். முப்பத்தோரு வருஷம் கோட்டு தைத்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே சத்தியம் அளவெடுக்கும் டேப்தான். ஆள் பொய் சொல்லுவான், இளைத்துவிட்டேன் என்பான். டேப் சொல்லாது. அந்த நம்பிக்கை எனக்கு 1966ஆம் வருஷம் ஆவணி மாதத்தோடு போயிற்று.

திருச்சி சின்னக்கடை வீதியில், ஒரு பழைய வீட்டின் முன்கட்டில் என் கடை. முன்னால் மிஷினும் வெட்டும் மேஜையும். பின்னால், ஒரு காலத்தில் நெல்மூட்டை அடுக்கிய ஜன்னல் இல்லாத அறை. அதற்கு ஒரு திரை போட்டு, ஆளுயரக் கண்ணாடி மாட்டி, ட்ரையல் ரூம் ஆக்கியிருந்தேன். பட்டப்பகலிலும் அங்கே பல்பு எரிந்தால்தான் முகம் தெரியும். "பாக்கியநாதன் தைத்தால் தோள் உட்காரும்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறியிருந்தது, அதை ஒளிப்பானேன்.

ஆனி மாதம் ரெங்கராஜ் வந்தான். ஸ்ரீரங்கத்துப் பையன், இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். மேற்கு ஜெர்மனியில் ஒரு கல்லூரியோடு இவர்கள் கல்லூரிக்கு ஓர் ஏற்பாடு. அங்கிருந்து ஒரு மாணவன் இங்கே வந்து ஒரு வருஷம் படிப்பான். இங்கிருந்து ஒருவன் அங்கே போய்ப் படிப்பான். பரீட்சை வைத்துப் பொறுக்கியதில் ரெங்கராஜ் முதல். அவன் சிநேகிதன் வீரமலை இரண்டாவது. சீட்டு ஒன்றுதான்.

"மாஸ்டர், ஜெர்மன்காரன் பார்த்து யார் தைச்சதுன்னு கேக்கணும்" என்றான். மார்பு முப்பத்தெட்டு. தோள் பதினெட்டு. இடது தோள் மட்டும் முக்கால் இஞ்ச் இறங்கியிருந்தது.

"டிராயிங் போர்டைத் தூக்கித் தூக்கி இறங்கிருச்சு மாஸ்டர்" என்று சிரித்தான். உள்பக்கம் இடது நெஞ்சில் பதினோரு இஞ்ச் ஆழத்துக்கு ஒரு பை வேண்டும் என்றான். அவனுடைய கணக்குப் போடும் ஸ்லைடு ரூல் அதில் முழுசாக இறங்க வேண்டுமாம்.

ஆடி இரண்டாம் வாரம் வெள்ளை நூலில் கோர்த்து ட்ரையல் பார்த்தோம். தோள் அப்படி உட்கார்ந்தது. பைகளை மட்டும் நான் இன்னும் வெட்டவில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபம் படித்துறையில் காவிரி அவனைக் கொண்டுபோயிற்று.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ட்ரையல் பார்த்த ஆள் டெலிவரி வாங்குவதற்குள் செத்துப்போனால், கோட்டை முழுசாகப் பிரித்துவிட வேண்டும். அவன் உடம்பு பார்த்துப் போட்ட வெள்ளை நூலை அடுப்பில் போட்டுவிட வேண்டும். துணியை வேறு ஆளுக்கு வெட்டலாம், தப்பில்லை. ஆனால் அவன் உருவம் ஆணியில் தொங்கக் கூடாது.

நான் பிரிக்கவில்லை. அந்த இடது தோளைப் போல ஒன்றை நான் அதற்கு முன் வெட்டியதில்லை. அதைப் பிரிக்கக் கை வரவில்லை. திமிர்தான், வேறென்ன.

ஆவணி பிறந்த நாலாம் நாள், தூறலில் ரெங்கராஜின் அம்மா ரெங்கம்மாள் வந்தார். கூட ஓர் ஒல்லிப் பையன்.

"வாங்கம்மா" என்றேன். 

"இதுதான் வீரமலை. இப்ப இந்தப் புள்ளைதான் போகுது. மருங்காபுரிப் பக்கம், மானம் பார்த்த பூமி, கோட்டுக்கெல்லாம் வசதி கிடையாது. என் மகனுக்கு வெட்டினதை இதுக்குச் சரிபண்ணிக் குடுங்க. கோட்டாவது அவன் போக நெனச்ச எடத்துக்குப் போகட்டும்."

வீரமலை தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணே, வேற துணி ஏதாவது..." என்று என்னிடம் முனகினான்.

"அதெப்படி? நீதான் போட்டுக்கணும்" என்றார் அந்த அம்மா. குரலில் அழுகை இல்லை.

அளவெடுத்தேன். மார்பு முப்பத்துநாலு. தோள் பதினாறரை. இரண்டு பக்கமும் சமம், மட்டப்பலகை வைத்த மாதிரி. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ரயிலுக்கு இருபது நாள் இருந்தது. முழுசாகப் பிரித்து, வெட்டித் தைத்திருக்கலாம். நான் பக்கங்களை மட்டும் பிடித்தேன். இடது தோளைத் தொடவில்லை. அடியில் பஞ்சு வைத்து மேடாக்கினால் போயிற்று என்று கணக்குப் போட்டேன்.

இஸ்திரிப் பெட்டி போடும்போதுதான் முதலில் உறைத்தது. தண்ணீர் தெளிக்காத கம்பளித் துணி. கரிப்பெட்டியை வைத்ததும் சுர்ரென்று ஆவி கிளம்பியது. கடை முழுக்க ஆற்றுச் சேற்றின் வாடை.

மழைக்காலம், துணி ஈரம் குடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து வீரமலை ட்ரையலுக்கு வந்தான். கோட்டைப் போட்டதும் உடம்பு உதறியது. "அண்ணே, ஈரமா இருக்கே." தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது. பட்டன் போடப் போனேன், எட்டவில்லை. டேப்பைச் சுற்றினேன்.

முப்பத்தாறு.

"என்ன தம்பி, ஹாஸ்டல்ல நல்ல சாப்பாடா?"

"சோறே எறங்கல அண்ணே." உண்மைதான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. "துணி டேப்புதானே, நாளானா நீண்டுரும்" என்றான்.  பிறகு கண்ணாடியைப் பார்த்தான்.

"இல்லண்ணே. நீண்ட டேப்பு அளவைக் குறைச்சுல்ல காட்டும். இது கூடக் காட்டுது."

மறுநாள் மத்தியானம் கல்லூரியில் நிலம் அளக்கும் ஸ்டீல் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான். "இது நீளாது. மூணு தடவை எடுத்துச் சராசரி பார்க்கணும். அதுதான் முறை" என்றான். படிப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. பனியனோடு பல்புக்கு அடியில் நின்றான். நான் சுற்றினேன், அவன் படித்தான்.

"முப்பத்தாறரை."

மறுபடியும் சுற்றினேன்.

"முப்பத்தாறே முக்கால்."

மூன்றாவது தடவை அவன் படிக்கவில்லை. நான்தான் குனிந்து பார்த்தேன். முப்பத்தேழு. கண்ணாடியில் அவன் இடது தோள் அரை இஞ்ச் இறங்கி நின்றது.

ஸ்டீல் டேப் என் கையிலிருந்து நழுவித் தரையில் சுருண்டது.

வீரமலை அப்படியே உட்கார்ந்துவிட்டான். "அவன் எனக்காகத்தான் எறங்கினான் அண்ணே" என்றான். "எங்க ஊர்ல ஏது ஆறு? எனக்கு நீச்சல் தெரியாது. படி வழுக்கிருச்சு. வெள்ளத்துல ரெங்கன் குதிச்சு என்னைப் பிடிச்சான். அவன் இடது தோள்ல கால வெச்சு ஏறித்தான் நான் படியைப் பிடிச்சேன்."

"அப்புறம்?"

"திரும்பிப் பார்த்தேன். கைய நீட்டினான்."

சுருண்டு கிடந்த ஸ்டீல் டேப்பைக் குனிந்து எடுத்தேன்.

"நானும் கைய நீட்டியிருந்தா எட்டும் அண்ணே. சீட்டு ஒண்ணுதானேன்னு தோணுச்சு. ஒரே ஒரு நிமிஷம்."

ஆடிப்பெருக்கில் ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று திருச்சிக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அவன்மேல் அருவருப்பாக இருந்தது. அவன் அழுததைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது.

"இதைப் பிரிச்சிருங்கண்ணே. நான் கோட்டே இல்லாமப் போறேன். குளிர்ல செத்தாலும் நானாவே சாகறேன்."

அன்றாவது பிரித்துவிடுவோம் என்று அவனை முன்கட்டுக்கு அழைத்துவந்து, கோட்டை வெட்டும் மேஜையில் போட்டேன். பிளேடை எடுத்து இடது தோளில் ஒரே ஒரு தையலை வெட்டினேன்.

வீரமலை அலறினான்.

தோளைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். கையை விலக்கிப் பார்த்தேன். நான் வெட்டிய அதே இடத்தில் பனியன் ஊறிக்கொண்டிருந்தது. ரத்தம் இல்லை. கலங்கல் தண்ணீர்.

நாங்கள் இரண்டு பேரும் முன்கட்டில் இருந்தோம். ட்ரையல் ரூமில் யாரும் இல்லை.

திரைக்குப் பின்னால் யாரோ மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்கள்.

"மாஸ்டர்."

பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. திரைக்கு அடியில் கால்கள் தெரியவில்லை.

"பிரிக்காதீங்க."

நான் ஊசியை எடுத்தேன். வெட்டிய தையலைத் திரும்பப் போட்டேன். வீரமலையின் அலறல் நின்றது. என் வாழ்க்கையில் நான் செய்த பாவம் எதுவென்று கேட்டால், அந்த ஒரு தையல்தான்.

நாலு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் உச்சி வேளையில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். முகம் வீரமலையின் முகம்தான். நடை அவனுடையது இல்லை. நேராக மேஜைக்கு வந்து, கேட்காமலே கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். தோளுக்கு அடியில் நான் வைத்த பஞ்சை இரண்டு விரலால் உருவிக் கீழே போட்டான்.

கோட்டு உட்கார்ந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

சட்டைப் பையிலிருந்து ஸ்லைடு ரூலை எடுத்தான். கோட்டின் உள்பக்கம், இடது நெஞ்சில் இறக்கினான். அது முழுசாக உள்ளே போயிற்று. அவன் விரலோடு கொஞ்சம் ஈர மணல் வந்து என் மேஜையில் உதிர்ந்தது.

அந்தப் பையை நான் வெட்டவே இல்லை.

"ஆழம் சரியா இருக்கு மாஸ்டர்" என்றான்.

"தம்பி" என்றேன்.  "நீங்க என்னை அண்ணேன்னுதானே கூப்பிடுவீங்க?"

அவன் திரையை விலக்கினான். கண்ணாடியில் தன் தோளைப் பார்த்துச் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவ்வளவு வெறுப்பை ஒரு மனிதக் கண்ணில் நான் பார்த்ததில்லை. பிரிக்காமல் வைத்திருந்த என்மேல்கூட அவனுக்கு நன்றி கிடையாது.

ரயில் புறப்படும் அன்று ஜங்ஷனுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. மெட்ராஸ் போய், பம்பாய் போய், அங்கிருந்து கப்பல். பிளாட்பாரத்தில் ரெங்கம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மகனைப் பறிகொடுத்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்த அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர் ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். கையில் வறுத்த கடலை மூட்டை. என் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்து நின்றார்.

"ஐயா, நான் மருங்காபுரி அழகர்சாமி. வீரமலையோட அப்பன். நீங்கதான் கோட்டு தைச்சவரா?"

"ஆமாங்க."

"இன்னும் பயலைக் காணோமுங்க. வண்டி கெளம்பப் போவுது."

எதிரே, பத்தடியில், அவன் நின்றுகொண்டிருந்தான்.

நான் கையைக் காட்டினேன். பெரியவர் பார்த்தார். கண்ணைச் சுருக்கி, மறுபடியும் பார்த்தார்.

"கோட்டு நல்லாத்தான் இருக்கு" என்றார் மரியாதையாக. "அது யாரு வீட்டுப் புள்ளைங்க?"

விசில் ஊதினார்கள். அவன் ஏறி வாசலில் நின்று கையை ஆட்டினான். ரெங்கம்மாளுக்கு மட்டும் ஆட்டினான். ரயில் போன பிறகும் அழகர்சாமி, "வீரமலை, ஏ வீரமலை" என்று கூப்பிட்டுக்கொண்டு கடைசிப் பெட்டி நின்ற இடம்வரை நடந்தார். கடலை மூட்டை அவர் கையிலேயே இருந்தது.

மறுநாள் கடை திறந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும், வீதியில் நல்ல வெயில். ட்ரையல் ரூம் திரைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து மிஷின் கால்வரை வந்திருந்தது. மண்வாடை. உள்ளே யாருக்கோ குளிரில் பல் தந்தியடிக்கும் சத்தம்.

"அண்ணே."

தண்ணீரை மிதிக்காமல் திரைக்குப் பக்கத்தில் போனேன்.

"எங்கப்பா போயிட்டாராண்ணே?"

  எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே. கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, திரைக்குள் நீட்டினேன்.

மறுமுனையை யாரோ பிடித்தார்கள். ஐஸ் மாதிரி குளிர்ந்த விரல்கள் என் கையைத் தடவி, டேப்பை அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக் கொடுத்தன. இழுத்துப் பிடித்தேன். அளவில் நகத்தை அழுத்திக்கொண்டு வெளியே எடுத்துப் பார்த்தேன். டேப் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

தோள் பதினாறரை.

மறுபடியும் திரைக்குள் கையை விட்டு, தோள்களைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சமம்.