ஆலாத் திட்டுக்கு வந்த வழி

சேற்றுக்குள் முதல் அடி வைக்கத் துளசிமணிக்கு மட்டும்தான் பயம் என்று சொன்னால் அது பொய். கணக்குப் பிரிவு எபினேசருக்கும் உள்ளூர உதறல்தான். ஆறடி உயரமும் அதற்கேற்ற உடம்பும் வைத்துக்கொண்டு பயத்தைக் காட்டினால் ஆபீஸில் வருடம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதனால் பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, தோளில் கயிற்றுச் சுருளை மாட்டி, பெரிய வீரன்போல நின்றான். மூன்றாவது ஆள் சலீம். தலை நரைத்த மனிதர். கோயமுத்தூர் பம்புக் கம்பெனி ஒன்றில் பம்புகளைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருப்பவர். மூங்கில் கம்பால் சேற்றைக் குத்தி ஆழம் பார்த்தார்.

"முழங்காலளவுதான் அம்மிணி. நான் வெக்கற எடத்துலயே காலை வெச்சு வாங்க. போலாமா?"

துளசிமணி தலையாட்டினாள். எதிரே, தண்ணீர் இறங்கிப்போன குளத்தின் நடுவில், சித்திரை வெயிலில் ஒரு மணல் திட்டு பளபளத்தது. அவள் கணவன் தெய்வசிகாமணி அதற்கு வைத்த பெயர் ஆலாத் திட்டு. ஆலா என்பது மஞ்சள் மூக்கும் கருப்புத் தலையுமாக, தண்ணீருக்கு மேலே சுற்றிச் சுற்றி மீன் பிடிக்கும் பறவை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவன் பரிசல் போட்டு அந்தத் திட்டுக்குப் போய்வருவான். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டால், நேரில் காட்டுகிறேன் என்று சிரிப்பான்.

அவளுக்கோ தண்ணீர் என்றால் நடுக்கம். பவானி கூடுதுறையில்கூடப் படியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறவள் பரிசலில் ஏறுவாளா? "தண்ணி வத்தட்டும் துளசி, நடத்தியே கூட்டிட்டுப் போறேன்" என்று அவன் சொல்லியிருந்தான். அந்த வருடம் மழை விட்டபாடில்லை. குளம் வற்றும் முன்பே ஒரு நாள் வேலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். எட்டு மாதம் ஆகிவிட்டது. அவன் என்ன காட்ட நினைத்தான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாமலே நின்றுவிட்டது. அதைப் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் அழுகை வந்தாலும் அழுது தீர்த்துவிடலாம் என்று அவள் நினைத்தாள்.

அதே கம்பெனியில் ஊழியர் நலப் பிரிவில் அவளுக்கு வேலை. சலீமோடு பம்பு சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்த சிகாமணி நினைவாக ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து இந்தக் குளத்தைச் சுத்தம் செய்யலாம் என்று நிர்வாகத்தை நச்சரித்து ஒப்புக்கொள்ள வைத்தவள் அவள்தான். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி ஆகாயத்தாமரையைப் பிடுங்க எவரும் முன்வரவில்லை. அப்போதுதான் சலீம் எழுந்து, நம்ம கம்பெனியில் பம்புக்கா பஞ்சம் என்று கேட்டார். கூட்டமே கைதட்டியது. பம்பு செய்கிறவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் இறைக்கத்தானே தோன்றும்? சிகாமணி தன் கையால் சோதித்து முத்திரை போட்ட பம்புகளையே தேடி எடுத்துவந்து, இரண்டு நாளாக இறைத்துப் பக்கத்துக் குட்டையில் கொட்டினார்கள். திட்டில் இருக்கும் பறவைகளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பறவைதானே, பறந்துகொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். துளசிமணியும் யோசிக்கவில்லை. அவள் மனசெல்லாம் அந்த நடைவழியில்தான் இருந்தது.

கரையில் நான்கு வண்ணச் சட்டைகளில் நான்கு அணிகள் போட்டி போட்டுக்கொண்டு களையைக் குவித்துக்கொண்டிருக்க, இவர்கள் மூவரும் புறப்பட்டார்கள்.

பாதி தூரம் சிரமமில்லை. அதற்கப்புறம் சேறு தன் வேலையைக் காட்டியது. தட்டென்று எபினேசர் இடுப்பு வரை இறங்கிவிட்டான்! சலீம் கயிற்றை வீசினார். இருவரும் சேர்ந்து இழுத்ததில் ஆள் வந்தான், செருப்பு வரவில்லை. நல்லவேளையாக, கரையில் போட்டிருந்த விழா மேடைக்குப் பின்னால் வைத்திருந்த ஒட்டுப்பலகையைச் சலீம் முன்யோசனையோடு இழுத்து வந்திருந்தார். அதில் பொது மேலாளர் கைகூப்பிச் சிரிக்கும் பேனர் இன்னும் ஒட்டியிருந்தது. பலகையைப் போடுவது, அவர் முகத்தின் மேல் ஏறி நிற்பது, மறுபடி இழுத்து முன்னால் போடுவது என்று நகர்ந்தார்கள். சம்பள உயர்வு கேட்டு இத்தனை தூரம் நடந்திருந்தால்கூட மனுஷன் இவ்வளவு சிரித்திருக்கமாட்டார் என்றான் எபினேசர். எட்டு மாதத்தில் முதல்முறையாகத் துளசிமணிக்குச் சிரிப்பு வந்தது.

திட்டு நெருங்க நெருங்க, தலைக்கு மேலே ஆலாக்கள் கூட்டமாகக் கத்தின. நம்மை வரவேற்கின்றன என்று சலீம் கையை ஆட்டினார். துளசிமணிக்கு அது வரவேற்பாகப் படவில்லை. குனிந்து சேற்றைப் பார்த்தாள். எதிர்க்கரையிலிருந்து திட்டை நோக்கி வரிசையாகக் காலடித் தடங்கள். நான்கு விரல் பதிந்த நாய்த் தடங்கள். போன தடம் இருந்தது, திரும்பி வந்த தடம் இல்லை.

"அண்ணா, நாய்!"

பலகையை விட்டுவிட்டு ஓடினாள். விழுந்தாள், எழுந்து மறுபடி ஓடினாள். கறிக்கடைக் கழிவைத் தின்று கொழுத்த நாய்கள் திட்டு முழுக்கத் திரிந்துகொண்டிருந்தன. சலீம் கம்பைச் சுழற்றினார். எபினேசர் சேற்றை அள்ளி அள்ளி வீசியபடி போட்ட சத்தத்தில் நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் இறங்கின. கண்ணுக்கு எட்டும் தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

திட்டில் பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள். மணலில் சின்னச் சின்னக் குழிகள். அவற்றைச் சுற்றி முட்டையோடுகள். மணல் நிறத்தில் குஞ்சுகள், சில முழுதாக, பல அப்படியில்லாமல். ஒரு ஆலா இறங்கி வந்து அசையாத குஞ்சு ஒன்றின் பக்கத்தில் மீனை வைத்தது. கொஞ்ச நேரம் நின்றது. மீனை மறுபடி எடுத்துக்கொண்டு பறந்தது.

சலீம் அப்படியே மணலில் உட்கார்ந்தார். பம்பைப் போட்ட கை இது என்று தன் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். துளசிமணி அவரைத் திட்டவில்லை. திட்டுவதற்கு யாராவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நடந்து போக வழி வரும்னாரு. வந்துருச்சுங்ணா. எனக்கு வந்த வழிலதான நாயும் வந்துருக்குது."

சேலைத் தலைப்பை விரித்து, இறந்த குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கணவனை எடுத்துப்போன அன்றுகூட இப்படி வாய்விட்டு அழவில்லை.

எபினேசர்தான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டான். கீச் கீச்சென்று மண்ணுக்கு அடியிலிருந்து வந்தது. கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினான். மணல் மேடு ஒன்றின் பக்கவாட்டில் கையகலத்துக்கு ஒரு வட்டத் துளை இருந்தது. துளையைச் சுற்றி நாய்கள் வெறிகொண்டு பிறாண்டிய தடம். சலீம் மேலே இருந்த மணலைக் கொஞ்சம் விலக்கினார். வெள்ளை பெயின்ட் அடித்த இரும்பு தெரிந்தது. அதைத் தடவிப் பார்த்த அவர் கை நின்றுவிட்டது.

அது பம்பின் மேல்கூடு. வார்ப்பில் கீறல் விழுந்ததென்று கம்பெனி கழித்துப்போட்ட கூடு. பழைய இரும்புக்காரனுக்குப் போய்விட்டதாக அவர் நினைத்திருந்த கூடுகளில் ஒன்று. அனல் ஏறாதிருக்க வெள்ளை அடித்து, வாய் மட்டும் வெளியே தெரிய மணலில் புதைத்திருந்தான் சிகாமணி. வெயிலுக்கும் பருந்துக்கும் குஞ்சுகள் ஓடி ஒளிய ஒரு வீடு. பரிசலில் ஞாயிறுதோறும் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்திருக்கிறான்.

துளசிமணி மணலில் படுத்து உள்ளே பார்த்தாள். இருட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குஞ்சுகள். உயிரோடு!

அடுத்தடுத்த மேடுகளுக்கு ஓடினார்கள். சில கூடுகள் காலி. சிலவற்றில் ஒன்று, இரண்டு என்று இருந்தன. செத்ததை நினைத்தால் மிஞ்சியது கொஞ்சம்தான். அவன் காட்ட நினைத்தது இதுதான் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் உட்கார்ந்து பார்க்க நேரமில்லை. ஆட்கள் திட்டில் நிற்கும் வரை தாய்ப் பறவைகள் இறங்காது. இறங்காவிட்டால் குஞ்சுகள் பசியில் சாகும். திட்டை விட்டுப் போனாலோ நாய்கள் காத்திருக்கின்றன. துளசிமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எடுத்த தண்ணீர் பக்கத்துக் குட்டையில்தானே நிற்கிறது, அதைத் திருப்பி இறைக்க எவ்வளவு நேரமாகும் என்று சலீமைக் கேட்டாள். முழுக்க நிரம்ப இரண்டு நாளாகும், ஆனால் பொழுது சாய்வதற்குள் நாய் தயங்கும் அளவுக்கு வந்துவிடும் என்றார் அவர். அதுவரை? அதுவரை ஆட்கள்தான் வேலி.

எபினேசர் பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக வைத்திருந்த போனை எடுத்து, கரையிலிருந்த மேலாளரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னான். அங்கே பிரியாணி வந்திருந்தது. பேருந்துகள் கிளம்பத் தயாராக இருந்தன. அவர் போனை வைத்தார். பிறகு கரையில் விசில் சத்தம் கேட்டது.

சிவப்புச் சட்டை, பச்சைச் சட்டை என்ற பேதமில்லாமல் அத்தனை பேரும் சேற்றில் இறங்கி வந்தார்கள். துளசிமணியும் திட்டிலிருந்து இறங்க, திட்டைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்தில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். பிரியாணிப் பொட்டலம் கைமாறிக் கைமாறி வந்தது. மேலாளர் தன் பேனரைச் சேற்றில் பார்த்தார், பார்க்காததுபோல அதன் மேலேயே ஏறி நின்றார். பொழுது சாயும் நேரத்தில், தலைமை அலுவலகத்துக்கு என்ன எழுதுவது என்று மெதுவாகத் துளசிமணியைக் கேட்டார்.

"தண்ணில கை வெக்கறதுக்கு முன்னால ஒருக்கா நேர்ல போய்ப் பார்க்கோணும்னு எழுதுங்க சார். நாங்க பார்க்கலீங்க."

சலீம் திருப்பி வைத்த பம்புகள் இரைந்துகொண்டிருந்தன. தண்ணீர் நுரையோடு வந்து அவள் கணுக்காலைத் தொட்டது. பிறகு கெண்டைக்கால், முழங்கால். பயத்தில் அவள் பல் கிட்டிக்கொண்டது. அப்போதும் நகரவில்லை. தலைப்பு முடிச்சில் இறந்த குஞ்சுகளின் கனம் இருந்தது. எதிர்ப்பக்கம் நாய் ஒன்று தண்ணீரில் கால் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

ஆலா ஒன்று மூக்கில் மீனோடு இறங்கியது. வெள்ளைக் கூட்டின் வாயருகே நின்று குரல் கொடுத்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னத் தலை எட்டிப் பார்த்தது.

காலையில் நடந்து வந்த வழியைக் காணவில்லை. இனி அவள் அங்கே நடந்து போக முடியாது. சலீம் பின்னால் வந்து, தண்ணி ஏறுது அம்மிணி, கரைக்குப் போங்க, நான் நிக்கறேன் என்றார்.

துளசிமணி திட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இன்னுங் கொஞ்சம் ஏறட்டுங்ணா" என்றாள்.