பியாட்றிஸ் ரீச்சர் பிடித்த விரல்

இந்தக் காலத்துச் சனத்திடம் வழி கேட்பதைவிடப் பனையிடம் கேட்கலாம். பனை பேசாமல் நிற்கும், அவ்வளவுதான். இதுகள் வாயைத் திறந்து, மூடி, எச்சிலை விழுங்கி, பிறகு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுகின்றன.

முந்தி ஒருவன் வழி கேட்டால் கூடவே நடந்து வந்து, படலையைத் தட்டி, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள். ஏரம்பர் அன்று உடுப்பிட்டியில் நாலு பேரிடம் கேட்டுவிட்டார், மலாயாப் பென்சன்காரர் இராசசிங்கத்தின் வீடு எது என்று. நாலு பேரும் அவரைப் பார்க்கவில்லை. சைக்கிள் கரியரில் இருந்த அவர் மகளைத்தான் பார்த்தார்கள். ஒரு மனுசி மட்டும் வாய் திறந்தாள்.

"அங்கை என்ன அலுவல்?"

"உமக்குச் சொன்னால்தான் படலை திறக்குமோ?"

மனுசி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒழுங்கைக்குள் இறங்கிவிட்டாள்.

அலுவல் இதுதான். ஏரம்பர் நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்கிறவர். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். கையெழுத்துக் கேட்டால் பெருவிரலை நீட்டுவார். மனைவி செல் குண்டு விழுந்து செத்துப் போனாள். மூத்தவன் செல்வத்துரை சிங்கப்பூரில். மிச்சம் இருப்பது கடைக்குட்டி குணலட்சுமி, வயது பத்தொன்பது. அவளை இந்தக் குண்டுக்குள்ளிருந்து எடுத்துவிட வேண்டும். அதுக்கு ஒரு வழிதான் இருந்தது. உயர்தரச் சோதனையில் சீன மொழியையும் ஒரு பாடமாக எடுத்துச் சித்தியடைந்தால், தான் வேலை செய்கிற இடத்துக்குப் பக்கத்துக் கல்லூரியில் அவளை எடுப்பார்கள் என்று செல்வத்துரை எழுதியிருந்தான். கடிதத்தோடு இரண்டு தடித்த புத்தகமும் அனுப்பியிருந்தான். அவசரப்படாமல் ஆறுதலாகப் படித்தால் மூன்று வருசம் பிடிக்கும் என்றும் எழுதியிருந்தான். சோதனைக்கு இருந்தது பத்து மாதம்.

யாழ்ப்பாணத்தில் சீனம் படிப்பிக்க ஆளுக்கு எங்கே போவது? கடைசியில் நெல்லியடியில் தனி வகுப்புகளுக்கு ரியூட்டறி நடத்திய தியாகராசாதான் ஒரு பெயர் சொன்னார். பியாட்றிஸ் ரீச்சர். சீனப் பெண். யப்பான்காரன் காலத்தில் ஈப்போவில் தாய் தகப்பனை இழந்து நின்றவளைப் பன்னிரண்டு வயதில் இராசசிங்கம் எடுத்து வளர்த்து, ஊருக்குக் கூட்டிவந்து, தேவாலயத்தில் பெயர் வைத்தவர். அதுவரை சீனப் பள்ளிக்கூடத்தில் படித்தவளாம். வளர்த்த பெரியவர்கள் செத்துப் போன பிறகும் வீட்டில் தனியே இருக்கிறாள் என்றார் தியாகராசா. சொன்னவர் அடுத்த கிழமையே வன்னிக்குப் போய்விட்டார்.

வீட்டை ஏரம்பர் தானே கண்டுபிடித்தார். செல் விழுந்து ஒரு பக்கக் கூரை போன வீடு. அது அவருக்குப் புதினமாகத் தெரியவில்லை. அரைக் கூரைக்குள் ஊரே குடியிருந்த காலம் அது.

நடு மத்தியானம். வெயில் முற்றத்தில் வெள்ளையாக விழுந்து கிடந்தது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. விறாந்தையில் கால் வைத்ததும் பாசி மணம் மூக்கில் ஏறியது. இறைக்காத கிணற்றை எட்டிப் பார்த்தால் வருமே, அந்த மணம். அதுக்குள்ளே கொஞ்சம் பூச்சி உருண்டை மணமும்.

உள் அறை வாசலில் ஒரு கதிரை. கதிரையில் அவள் இருந்தாள்.

வெள்ளைச் சீலை. ஒல்லியான மனுசி. தலைமயிர் ஈரமாக ஒட்டியிருந்தது. தோய்ந்துவிட்டு வந்திருக்கிறாள் என்று நினைத்தார் ஏரம்பர்.

அவர் யாரையும் எடுத்த எடுப்பில் நம்புகிற ஆளில்லை. மடியிலிருந்து ஒரு சீன ரோச் லைற் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"ரீச்சர், இதிலை என்ன எழுதியிருக்கு?"

"ஐயா!" என்று குணலட்சுமி வெட்கத்தில் அவர் சேட்டுக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சும்மா இரு. மாடு வாங்கேக்கையும் பல்லுப் பாத்துத்தான் வாங்கிறனான்."

ரீச்சர் பெட்டியைத் தொடவில்லை. குனிந்து நெடுநேரம் பார்த்தாள். "ஈரத்திலை வைக்கவேண்டாமாம்" என்றாள். சொல்லிவிட்டு ஏனோ சிரித்தாள்.

சம்பளம் என்ன என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றாள். சனிக்கிழமை மத்தியானத்தில் பிள்ளை வந்தால் போதும்.

சும்மா தருகிறவர்களைத்தான் ஏரம்பருக்கு ஒருக்காலும் பிடிக்காது. இனாமாய்ப் படிப்பிக்கிற படிப்பு நடுவழியில் நின்றுவிடும் என்பது அவர் எண்ணம். அதுக்கு அவர் ஆயத்தமாகத்தான் வந்திருந்தார். நாள் பார்த்து விசயதசமியிலன்றோ வந்தது! பையிலிருந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தார். பச்சரிசியைக் கொட்டிப் பரப்பினார். வெற்றிலை பாக்கும் ஒரு சீப்புக் கதலிப்பழமும் வைத்தார்.

"ஏடு தொடக்கிவிடுங்கோ, ரீச்சர்."

"பிள்ளைக்குப் பத்தொன்பது வயதெல்லோ?"

"வயது பத்தொன்பதுதான். இந்த எழுத்துக்கு இவள் இண்டைக்குத்தான் பிறந்தவள். விரலைப் பிடிச்சு அரிசியிலை எழுதிவிடுங்கோ. கை பிடிச்சுத் தொடக்காத எழுத்து நிக்காது."

ரீச்சர் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டாள். குரல் தணிந்து போயிற்று.

"நான் ஒருத்தரின்ரை கையையும் பிடிக்கிறேல்லை, ஐயா. பிடிச்சால் எனக்கு விடத் தெரியாது."

"விடாமல் பிடிக்கிற வாத்திதான் எனக்கு வேணும்."

மகளின் வலக்கையைத் தானே எடுத்து நீட்டினார்.

மெல்ல மடிக்குள்ளிருந்து அந்தக் கை வந்தது. விரல் நுனியெல்லாம் வெளுத்து, கனநேரம் தண்ணிக்குள் கிடந்ததுபோலச் சுருங்கியிருந்தது. சீலை தோய்த்த கை என்று நினைத்தார். அது குணலட்சுமியின் சுட்டுவிரலைப் பிடித்ததும் பிள்ளைக்கு மயிர்க்கூச்செறிந்ததையும் கண்டார். கண்டும் நீட்டிய கையை இழுக்கவில்லை.

அரிசியில் மூன்று எழுத்து விழுந்தது.

"பிள்ளையார் சுழியோ?" என்றார்.

"என்ரை பேர். அம்மா வைச்சது. ஈப்போவிலை விட்டிட்டு வந்த பேர்." ரீச்சர் அரிசியைப் பார்த்தபடியே சொன்னாள். "இந்த ஊரிலை ஒருத்தரும் கேக்கேல்லை."

ஏரம்பரும் கேட்கவில்லை. தாம்பாளத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

அதன் பிறகு சனிக்கிழமை தோறும் வல்லை வெளிக் காற்றை எதிர்த்துச் சைக்கிள் உழக்கினார். ஒவ்வொரு முறையும் ஒரு சீப்புப் பழம். பழத்தை மகளிடம் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, அவர் படலைக்கு வெளியே வேம்பின் கீழ் குந்தியிருப்பார். சைக்கிளை விட்டுவிட்டு உள்ளே போகிற அளவுக்கு அவருக்கு உடுப்பிட்டியில் ஒருவர்மேலும் நம்பிக்கை இல்லை. உள்ளேயிருந்து ரீச்சரின் குரல் ஒருநாளும் கேட்டதில்லை. பென்சில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். இடைக்கிடை, எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

மூன்று வருசப் படிப்பு ஆறாம் மாதத்தில் முடிந்தது. இரண்டு தடித்த புத்தகத்தையும் குணலட்சுமி கரைத்துக் குடித்திருந்தாள். ஏரம்பருக்குப் பெருமைதான். ஆனால் சாப்பிடும்போது அவளுடைய சுட்டுவிரல் சோற்றில் எழுதிக்கொண்டே இருந்தது. கறிக்குப் போட எடுத்த உப்பில் எழுதியது. நித்திரையில் பாயில் எழுதியது.

"உதென்ன பழக்கம்?"

"நான் எழுதேல்லை, ஐயா."

"அப்ப ஆர் எழுதினது? நானோ?"

அவள் விரலைக் காட்டினாள். நுனி வெளுத்துச் சுருங்கியிருந்தது. வாழைக்குத் தண்ணி கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்றார். அவள் அன்றைக்குத் தோட்டத்துக்கே வரவில்லை.

சோதனைக்கு ஒரு கிழமை இருக்க, நெல்லியடிச் சந்தையில் தியாகராசாவைக் கண்டார். வன்னியிலிருந்து அன்றுதான் வந்திருந்தார். ஏரம்பரின் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

"அண்ணை, பிழை விட்டிட்டன். அந்த ரீச்சர் இல்லையாம். எனக்கு இப்பதான் தெரியும். நீங்கள் போய் அலைஞ்சு திரிஞ்சிருப்பியள்."

"இல்லையெண்டால்?"

"எண்பத்தேழுச் சண்டையிலையே, நான் உங்களுக்குப் பேர் சொல்ல முந்தியே, செத்துப்போச்சுது. செல்லுக்குப் பயந்து கிணத்துக்குள்ளை இறங்கினதாம். தண்ணி அள்ளுற துலாக் கயித்தைப் பிடிச்சபடி மூண்டு நாள். பிறகு கண்டெடுத்தவைக்குக் கையை விரிச்சு எடுக்கேலாமல் போச்சுதாம். கயித்தை வெட்டித்தான் தூக்கினவை."

ஏரம்பருக்கு அந்த வெளுத்துச் சுருங்கிய விரல் ஞாபகம் வந்தது. ஆனால் வாய் வேறு சொல்லிற்று.

"உமக்குக் கமிசன் தரேல்லை எண்டு கதை கட்டுறீரோ? பத்து மாதமாய் என்ரை பிள்ளை அங்கை படிக்குது."

தியாகராசா அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.

ஏரம்பர் மகளுக்கு இதைச் சொல்லவில்லை. சோதனைக்கு ஒரு கிழமைதான். இப்போது வாயைத் திறந்தால் சிங்கப்பூரும் போய்விடும்.

முதல் நாள் பூமிசாஸ்திரம். பின்னேரம், மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற சோமசேகரம் மாஸ்ரர் படலையடியில் சைக்கிளை நிறுத்தினார். நீர்வேலி ஆள்தான். உள்ளே வராமல் கூப்பிட்டார்.

"ஏரம்பண்ணை, நான் இதைச் சொல்லக்கூடாது. சொல்லாமலும் போகேலாது. உங்கடை பிள்ளை மூண்டு மணித்தியாலமும் எழுதினது. நல்ல வடிவாய்."

"அப்ப என்ன?"

"தமிழிலை ஒரு சொல் இல்லை. ஏதோ மூண்டு எழுத்து. திருப்பித் திருப்பி அதுதான். மேலதிகத் தாளும் வாங்கி எழுதினது." மாஸ்ரர் குரலைத் தணித்தார். "எழுதேக்கை பிள்ளை அழுதுகொண்டிருந்தது. கை நிக்கேல்லை."

அடுத்த பாடமும் அப்படித்தான். கடைசியாகச் சீனம். அதையாவது எழுதுவாள் என்று ஏரம்பர் நம்பினார். எழுதி முடித்து வந்த மகளைப் படலையிலேயே மறித்தார்.

"என்ன மோனை எழுதினாய்?"

"அவவின்ரை பேர், ஐயா. ஒரு கேள்விக்கும் விடை எழுத விடேல்லை. எனக்கு எல்லாம் தெரியும். எல்லாத்துக்கும் விடை தெரியும், ஐயா."

வலக்கையை இடக்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள். அமுக்கிய கைக்குள்ளும் விரல் ஆடியது.

மறுநாள் மத்தியானம் ஏரம்பர் தனியே உடுப்பிட்டிக்குப் போனார். இந்த முறை சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே நடந்தார்.

கதிரையில் ஒருவரும் இல்லை.

விறாந்தைச் சுவரோரம் பழச்சீப்புகள் வரிசையாக இருந்தன. பத்து மாதச் சீப்பும். கறுத்து, வற்றி, தோல் சுருண்டு. ஒன்றில்கூட ஒரு பழம் குறையவில்லை. அணில்கூடத் தொடவில்லை.

கிணற்றின் வாயைப் பனங்குற்றி போட்டு மூடியிருந்தார்கள். துலாவில் வெட்டின கயிற்றுத் துண்டு தொங்கியது.

காற்றே இல்லை. கயிறு ஆடியது.

தாம்பாளம் வைத்த இடத்திலேயே இருந்தது. அரிசியில் எறும்பில்லை, புழுவில்லை. மூன்று எழுத்தும் அன்றைக்கு எழுதியதுபோலக் கிடந்தன.

ஏரம்பர் குந்தினார்.

"நான் உதுகளை நம்பிற ஆளில்லை" என்றார் வெறும் கதிரையைப் பார்த்து. "இருந்தால் கேள். இல்லாட்டிக் காத்துக்குச் சொன்னதாய் இருக்கட்டும். பிள்ளையின்ரை கையை நீட்டினது நான். நீ வேண்டாமெண்டுதான் சொன்னாய். அவளின்ரை கையை விடு. பிடிக்கத்தான் வேணுமெண்டால் இதைப் பிடி. எழுத்துப் படியாத கைதான். வேறை இல்லை."

உள்ளங்கையால் அரிசியை அழித்தார். சுட்டுவிரலை நடுவில் ஊன்றினார்.

பாசி மணம் வந்தது.

விரலைச் சுற்றிக் குளிர்ந்தது.

ஒரு கோடு. குறுக்கே இன்னொன்று. அவர் கையை இழுத்தார். வரவில்லை. மூன்றாவது எழுத்து முடிந்த பிறகுதான் வந்தது.

நெடுநேரம் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்க்கையில் முழுசாக எழுதிய முதல் பெயர் அது. யாருடையது என்று வாய்விட்டுச் சொல்லக்கூட அவருக்குத் தெரியவில்லை.

எழும்பி வேட்டியைத் தட்டினார். "வயது போனால் கை நடுங்கும்" என்றார் உரக்க. "உதுக்கொரு பேயோ?"

திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சைக்கிளை எடுத்தார். வல்லை வெளி வரும் வரைக்கும், பேய்க்கதை கட்டுகிற தியாகராசாவையும், வழி சொல்லாத உடுப்பிட்டிச் சனத்தையும், எதையும் நம்புகிற சோமசேகரம் மாஸ்ரரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டே போனார். கல்லு றோட்டு, சைக்கிள் குலுங்குகிறது, அதனால் கை ஆடுகிறது, அவ்வளவுதான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

தார் றோட்டு வந்தது. சைக்கிள் குலுங்கவில்லை. ஹாண்டிலின்மேல் அவருடைய சுட்டுவிரல், நுனி வெளுத்து, ஒரு கோடு, குறுக்கே இன்னொன்று என்று எழுதிக்கொண்டே வந்தது.